மட்டை பிடித்த படமும் மைதானமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியல்வாதிகளின் விளையாட்டு ஆர்வம் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். 1996இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் அதே அணியின் சனத் ஜயசூரியவும் பின்னர் நாடாளுமன்றம் சென்றது, மைதானத்தில் உழைத்துப் பெற்ற பெயரால். தொடக்க விழாவில் இரண்டு பந்தை அடித்துவிட்டுப் படத்துக்கு நிற்பவருக்கும் அதே பெயர் கிடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அப்படி வந்துபோன ஒருவரின் படம் வாசிகசாலைச் சுவரில் இன்றும் தொங்குகிறது; பிள்ளைகளோ தேயிலைச் சரிவுக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வடிகால் கானுக்கும் நடுவே, மழை பெய்தால் கணுக்கால் புதையும் துண்டு நிலத்தில்தான் இன்னமும் ஆடுகிறார்கள். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, படத்தில் உள்ள நாடாளுமன்ற உறுப்பினர், பிரதேச அபிவிருத்திக்கெனத் தமக்குக் கிடைத்த பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் தோட்ட மைதானங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் கீழே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவ