கூத்துக் களரிக்கு ஒருநாள் அந்தக் கமராவைக் கொண்டுவாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கொழும்பில் நடந்த திரைப்படக் கருவிக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் பத்திரிகை விரிவாக எழுதியிருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதம் ஏறிப் போனவன் நான். இருபது வருடங்களாகக் கலியாண வீடு, கோயில் சடங்கு, கூத்து என்று கமராவும் கையுமாக இருப்பவன்.

நான் தேடிப்போனது அதிவேகக் கமராவை. செக்கனுக்கு 1000 பிரேம், அதாவது 1000 தனிப்படங்கள், எடுக்கும். அதை வழமையான 24 பிரேம் வேகத்தில் ஓடவிட்டால் ஒரு செக்கன் ஏறத்தாழ 42 செக்கனாக நீளும். வடமோடிக் கூத்து ஆடுபவர் சுழன்று திரும்பும்போது எந்தப் பாதம் முதலில் மண்ணில் விழுகிறது, உடல் எந்தக் கணத்தில் திரும்புகிறது என்று கன்னன்குடாவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைக் கேட்டால் எழுந்து ஆடியே காட்டிவிடுவார். ஆனால் நான் எடுத்த படங்களில் அந்தப் பாதம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மங்கல்தான் இருக்கிறது. வயதான அண்ணாவிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும்போது இது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

கண்காட்சியில் அந்தக் கமரா தண்ணீர்த் தொட்டியில் விழும் எலுமிச்சம்பழத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. தெறித்த துளிகள் முத்து முத்தாக அந்தரத்தில் நின்றன. அழகுதான். ஆனால் அந்த ஒரு பழத்தைச் சுற்றி எத்தனை விளக்குகள்! 24 பிரேமில் ஒவ்வொரு பிரேமுக்கும் வழமையாக 48இல் ஒரு பங்கு செக்கன் வெளிச்சம் கிடைக்கும். 1000 பிரேமில் கிடைப்பது 2000இல் ஒரு பங்குதான். ஆகவே ஏறத்தாழ 42 மடங்கு வெளிச்சம் வேண்டும். நாங்கள் கூத்தாடும் களரியில் அதற்கு எங்கே போவது? இன்னொன்றும் உண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். களரியைச் சுற்றிக் கட்டும் மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கல், இந்தக் கமராவில் பத்துப் பிரேமுக்கு ஒருமுறை வந்து படம் முழுவதையும் துடிக்க வைக்கும். இதற்கு என்ன வழி என்று கேட்டேன். கூடத்தில் தமிழில் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் விலையைக் கேட்பதற்கு மட்டுமே போதுமாக இருந்தது.

நீர் புகாத கமராப் பெட்டிகளையும் உலர்ந்த மேசையில்தான் வைத்திருந்தார்கள். அறுகம்பை அலையும், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் இருப்பது எங்கள் கடலில். கீழே இறங்க இறங்கச் சிவப்பு நிறம் முதலில் மறைந்துபோவதையும், பெட்டிக்குள் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை உப்பு என்ன செய்யும் என்பதையும் அந்த மேசையில் எப்படிக் காட்டுவது?

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அடுத்த தடவை ஒரேயொரு நாளை மட்டக்களப்புக்கு ஒதுக்குங்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இந்தக் கருவிகளைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். இவற்றை வாங்க எங்களால் முடியாது என்பது உண்மை. ஆனால் பெரிய படப்பிடிப்புகளுக்கும் இவற்றைப் பெரும்பாலும் நாள் வாடகைக்கே எடுக்கிறார்கள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஓர் இரவுக்கு எடுக்கலாம். எடுத்தால் பயன்படுமா என்பதை முதலில் எங்கள் வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும்.

மாரி மழை ஓய்ந்தபின் வந்தால் நல்லது. களரி, மத்தளம், சல்லாரி, ஆட்டக்காரர் எல்லாம் எங்கள் பொறுப்பு. ஜெனரேட்டரும் நாங்களே பிடித்துத் தருகிறோம். கமராவோடு தமிழ் தெரிந்த ஒருவரையும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோப் படப்பிடிப்பாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.