அம்மாவின் விரலுக்கு இணங்கும் டேப்லெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வரும் டேப்லெட் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏராளமாக இருப்பார்கள். பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலையில் இருக்க, பெற்றோர் பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் குடும்பங்கள் எங்களுடையதைப் போல எத்தனையோ உண்டு. முதல் முறை வாங்கியதில் தவறி, இரண்டாம் முறை ஓரளவு தேறியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 71. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர் என்றாலும் நாளிதழை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பவர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், கோடைதோறும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்த கைகள் அவருடையவை. விரல் நுனிகள் காய்த்துப்போய், ரேகை தேய்ந்து, ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது நான்கைந்து முறை துடைத்துத் துடைத்து வைத்தால்தான் ஏற்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்தும், மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு டேப்லெட் வாங்கப் போனபோது நினைவுக்கே வரவில்லை.

அன்று கடைக்கு அம்மாவை நான் அழைத்துச் செல்லவில்லை. கடைக்காரர் கேமராவைப் பற்றிச் சொன்னார், நான் விலையைப் பற்றிக் கேட்டேன். 7 அங்குலத் திரையும் 32 ஜிபி சேமிப்பிடமும் கொண்ட ஒரு மலிவான கருவியை வாங்கி வந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். ஒரு வாரத்திற்குள் அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எனக்குப் போன் செய்தார். "என்னத்தையோ தொட்டுட்டேன் கண்ணு, நீங்க தெரியற படம் எங்கியோ போயிடுச்சு" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்தது பயம். விலை உயர்ந்த பொருளைக் கெடுத்துவிட்டோம் என்ற பயம். அதன்பின் அவர் அதைத் துணி சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. தொடுதிரை நாம் கொடுக்கும் அழுத்தத்தை அறிவதில்லை. விரல் படும்போது கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்புலத்தில் உண்டாகும் சிறு மாற்றத்தைத்தான் அறிகிறது. காய்ப்பேறி உலர்ந்த தோல் அந்த மாற்றத்தைச் சரியாக உண்டாக்குவதில்லை. திரை அசையவில்லையே என்று அம்மா விரலை இன்னும் அழுத்தி, எடுக்காமல் வைத்திருக்கிறார். நீண்ட நேரம் தொட்டால் அது வேறொரு கட்டளை என்று கருவி எடுத்துக்கொள்கிறது. வாட்ஸ்அப்பைத் திறக்கும் சிறு படம் தன் இடத்தை விட்டுக் கிளம்பி, விரலோடு நகர்ந்து, முகப்பிலிருந்தே நீங்கிவிடுகிறது. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. பொத்தானை அழுத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பழகியதைத்தான் செய்தார்.

அந்தக் கருவியின் சார்ஜர் முனையை ஒரு பக்கமாக மட்டுமே செருக முடியும். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மாலை வெளிச்சத்தில் அதன் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று எப்படிப் பார்ப்பார்? தலைகீழாகச் செருகி, உள்ளே இருந்த தகடு வளைந்து, ஆறே மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போய்விட்டது. எந்தப் பக்கமாகச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி முனை உள்ளதையே முதியோருக்கு வாங்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டாவது முறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். காட்சிக்கு வைத்திருந்த கருவிகளை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, வீடியோ அழைப்பை எடுக்கச் சொன்னேன், ஒரு செய்தியைப் படிக்கச் சொன்னேன், ஒலியைக் கூட்டச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாக இருந்தார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 8 அங்குலத் திரையுள்ள கருவி 330 கிராம் அளவில் இருந்ததால் கைக்கு இலகுவாக இருந்தது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு திரைக்கு நான்கு வரி மட்டுமே தெரிந்தது. 11 அங்குலக் கருவி ஏறக்குறைய அரைக் கிலோ எடை. படிக்க வசதியாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் அவருடைய மணிக்கட்டு தளர்ந்தது. கடைசியில் பெரிய திரையையே எடுத்து, பின்னால் மடக்கி நிறுத்தக்கூடிய உறையையும் சேர்த்து வாங்கினோம். இன்று அது சமையலறை மேடையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மா அதைக் கையில் தூக்குவதே இல்லை.

வாங்கிய அன்றே ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீண்டது என்று மாற்றினேன். முகப்பில் உள்ள படங்கள் நகராதபடி பூட்டினேன். வாட்ஸ்அப், நாளிதழ், விவசாயிகளுக்கான உழவன் செயலி, யூடியூப் ஆகிய நான்கை மட்டும் முகப்பில் விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தாமாகவே சேமிக்கப்படுவதை நிறுத்தினேன், ஏனெனில் பழைய கருவியின் சேமிப்பிடத்தை நிரப்பியவை பெரும்பாலும் காலை வணக்கப் படங்களே. இவ்வளவுக்கும் அரை மணி நேரம்தான் ஆயிற்று. முதல் கருவியிலும் இவற்றில் சிலவற்றையாவது செய்திருக்கலாம் என்பதே எனக்கு இன்றுள்ள வருத்தம்.

ஐபேடா ஆண்ட்ராய்டா என்று பலரும் கேட்கிறார்கள். பெற்றோருக்கு ஓடிவந்து உதவப் போகிறவர் யாரோ, அவர் கையில் எந்த வகைப் போன் இருக்கிறதோ அந்த வகையையே வாங்குங்கள் என்பதுதான் என் எண்ணம். எங்கள் ஊரில் அந்த உதவியாளர் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி. அவளிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. ஐபேடு நல்ல கருவிதான், ஆனால் வாட்ஸ்அப் அதற்கென்று தனிச் செயலியாக வந்ததே 2025 மே மாதத்தில்தான். இன்னொன்றையும் கடையில் யாரும் சொல்வதில்லை. போனில் உள்ள வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் இணைத்துப் பயன்படுத்தும்போது, அந்தப் போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். புது டேப்லெட் வந்துவிட்டதே என்று பழைய போனை அலமாரியில் போட்டுவிடும் பெரியவர்கள் இதனால் திண்டாடுகிறார்கள்.

கிராமத்து வீட்டில் வைஃபை இல்லையென்றால் சிம் போடும் வசதியுள்ளதை வாங்குவதே நல்லது. போனிலிருந்து இணைப்பைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வது அவர்களுக்கு இன்னொரு சுமை. அந்த வீட்டுக் கூடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை எடுத்துவிடவும் கூடாது. வாட்ஸ்அப் 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்குவதில்லை. இன்றைய பதிப்புகளுக்கும் ஒருநாள் அந்த நிலை வரும். ஆகவே எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்படுத்தல் கிடைக்கும் என்பதைக் கேட்டே வாங்க வேண்டும்.

பணம் தொடர்பான எந்தச் செயலியையும் அம்மாவின் டேப்லெட்டில் நான் போடவில்லை. காவல்துறை என்றோ வங்கி என்றோ சொல்லிக்கொண்டு வீடியோவில் மிரட்டுகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது. சைபர் குற்ற உதவி எண் 1930 என்பதைப் பெரிதாக எழுதி உறையின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். தெரியாதவர் அழைத்தால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017-ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டது. தட்டச்சுப் பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டு அம்மா "பாலக்கோடு மண்டியில தக்காளி என்ன வெல" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார். அவர் சொன்னது தமிழ் எழுத்தாகத் திரையில் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்தவர், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை வாய்விட்டு ஒரு முறை படித்தார். அதன்பிறகு டேப்லெட் பீரோவுக்குள் போகவே இல்லை.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பல தமிழ் நாளிதழ்களின் மின்னிதழ்கள் அச்சுப் பக்கத்தை அப்படியே படமாகத் தருகின்றன. அதைப் படிக்க இரு விரல்களால் விரித்து, இழுத்து, வரியின் முடிவு வந்ததும் மீண்டும் இடப்பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவின் விரல்களுக்கு இது மட்டும் இன்னும் வசப்படவில்லை. ஒரு செய்தியை ஒரு முறை தொட்டால் அது மட்டும் பெரிய எழுத்தில், திரையின் அகலத்துக்கு மடங்கி வரும்படி தங்கள் மின்னிதழில் ஏற்பாடு செய்ய இயலுமா? காலையில் பேருந்து தாமதித்து நாளிதழ் வந்து சேராத நாட்களில், எங்கள் கிராமத்தில் அதற்காகக் காத்திருக்கும் வாசகர் ஒருவர் இருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.