கியர்பாக்ஸை இறக்கிய பிறகு சிக்கனம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மேனுவல் கியர் கார் வைத்திருப்போரில் பலர், கிளட்ச் போய்விட்டால் பிளேட்டை (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள உராய்வுத் தட்டு) மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ணுவதும், பட்டறைகளும் அதற்குத் தலையாட்டுவதும் வழக்கமாகிவிட்டதால் இதை எழுதுகிறேன். இந்த வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. இறக்கியது இறக்கியாயிற்று என்ற நிலையில், தளர்ந்த பிரஷர் பிளேட்டையும் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) தேய்ந்த ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிப்பது) அப்படியே விட்டுவிட்டால், பின்னர் பேரிங் இரைச்சல் போடத் தொடங்கும்போது அதே கூலியை மறுபடியும் அழ வேண்டியிருக்கும்.

மூன்றையும் செட்டாக மாற்றுவதோடு, எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலையும் பார்த்துவிட வேண்டும்; கிளட்ச் பிளேட் அழுந்துவது அதன் மீதுதான். அதன் முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருக்கும்போது புது பிளேட்டைப் பொருத்தினால், வண்டி கிளம்பும்போது ஏற்படும் உதறல் நீங்காது. எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தாலோ, புது பிளேட்டும் எண்ணெய் பட்டு வழுக்கும். செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்த சீலின் விலை ஒன்றுமேயில்லை.

அதேசமயம், கியர் விழவில்லை என்றவுடன் கியர்பாக்ஸில் கைவைப்பதும் தவறு. கிளட்ச் கேபிள் நீண்டுபோனாலும், கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் காற்று புகுந்தாலும் இதே தொல்லை வரும். பிளேட் தேய்ந்ததற்கு அடையாளம் வேறு: மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி வேகமெடுக்காது. கேபிள் வண்டிகளில் பெடலுக்குரிய சிறு தளர்வு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதும், ஹைட்ராலிக் வண்டிகளில் கிளட்சை இயக்கும், ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள பிரேக் ஆயிலை ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் போதும், பாதி வில்லங்கம் தீரும். மேட்டில் கைப்பிரேக்கைப் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடி) வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்துக்கு மட்டும் எந்தப் பராமரிப்பும் ஈடுகொடுக்காது.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய பிளேட்டுகளில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், கிளட்ச் கூட்டுக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கழற்றிய பாகங்களை வண்டிக்காரரிடம் காட்டி, தேய்மானத்தை விளக்கிய பிறகே பில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்