சாரதாவுக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே புழுக்கம் தாங்கவில்லை.

எங்கள் பகுத்தறிவு வட்டம் இன்னும் நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். நடக்கிறது. இப்போது சுவரொட்டியில் பெண் முகம் வேண்டுமாம். கிழவர் சங்கம் என்ற பெயர் மாற வேண்டுமாம். அதனால் எனக்கு வரவேற்புரை. மற்றப் பேச்செல்லாம் வழக்கம்போல அவர்களுக்கு.

சென்ற கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து, உறுப்பினர் ஒருவர் பஸ் தரிப்பிடம் வரை பின்னால் வருவதாகவும் வேண்டாம் என்றாலும் விடுவதில்லை என்றும் சொன்னாள். உடனே மூத்தவர் ஒருவர், "ஆதாரம் உண்டா, பிள்ளை?" என்றார். மகளின் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது சாத்திரியாரிடம் அவர் ஆதாரம் கேட்டதாக நான் அறியேன்.

எதற்கும் ஆதாரம் கேட்கும் மேற்கு நாட்டு ஐயவாதிகளும் இதில் சளைத்தவர்கள் அல்ல. 2011இல் டப்ளினில் நாத்திகர் மாநாடு நடந்தபோது, அதிகாலை நான்கு மணியளவில் விடுதி லிப்டில் ஓர் ஆண் அமெரிக்க ஐயவாதப் பதிவர் ரெபேக்கா வாட்சனைத் தன் அறைக்குக் கோப்பி குடிக்க அழைத்தார். பிறகு ஒரு காணொளியில், ஆண்களே, இப்படிச் செய்யாதீர்கள் என்று வாட்சன் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு ஆண்டுக்கணக்கில் வசை! முஸ்லிம் பெண்கள் படும் பாட்டின் முன் இது ஒரு துன்பமா என்று நாத்திகத்துக்குப் பெயர்போன உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸே கிண்டலாக எழுதினார். வாட்சனின் குழு முன்பு ஐயவாதப் பெண்களின் கவர்ச்சிப் படங்களோடு நாட்காட்டி வெளியிட்டிருந்தது. அதைக் காட்டி, இவளுக்கென்ன முறைப்பாடு என்றவர்களும் உண்டு. படத்துக்கு நின்றவள் வாய் திறக்கக்கூடாது போலும்.

மாற்றம் வராமலும் இல்லை. மறு ஆண்டே வாஷிங்டன் அருகே மதச்சார்பின்மையில் பெண்கள் என்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். 2014இல் டாக்கின்ஸும் பெண்ணிய எழுத்தாளர் ஒஃபீலியா பென்சனும் சேர்ந்து, கருத்து வேறுபடலாம், மிரட்டலும் தொல்லையும் கூடாது என்று அறிக்கை விட்டார்கள். மூன்று ஆண்டுகள் பிடித்தன.

நம் பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூரை நினைக்கிறேன். 1978இல் இறக்கும்வரை பேய்க்கும் சாமியாருக்கும் சவால் விட்டவர். ஆனால் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பெண் வந்தால், பேய் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவில்லை; அவளுக்கு வீட்டில் என்ன துயரம் என்று விசாரித்தார். அவர் படத்தை மேடையில் மாட்டியிருப்பவர்களுக்கு அந்தப் பாதி மறந்துவிட்டது.

வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அந்த மாணவியைக் கேட்டேன். பெயர் சொல்லாமல் பேசுங்கள் அக்கா என்றாள். பேசப் போகிறேன். ஆடிவேலுக்கு வருவாய் அல்லவா? நாத்திகம் ஒருபுறம் இருக்கட்டும், கடலை வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தி