சுழற்காற்றுக் காணொளி பற்றிய அறிவித்தல்

அன்பான உறுப்பினர்களுக்கு,

நேற்றிரவு இங்கே பகிரப்பட்ட சுழற்காற்று (டொர்னாடோ) காணொளி எந்த நாட்டில், எப்போது எடுக்கப்பட்டது என்று அனுப்பியவருக்கே தெரியாததால் அதை நீக்கிவிட்டேன். ஆனால் அதையொட்டி எழுந்த, 'சுழற்காற்று அவ்வளவு பேரைக் கொல்லுமா, நம் ஊர்களிலும் அப்படி நடக்குமா?' என்ற கேள்வி நியாயமானது.

1989 ஏப்ரல் 26 மாலை, பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். உலகில் பதிவான சுழற்காற்றுகளில் அதிக உயிர்களைப் பறித்தது அதுவே எனக் கருதப்படுகிறது. மண்ணாலும் தகரத்தாலும் ஆன வீடுகளில் வாழ்ந்த ஏழைக் கிராமத்தவர்களுக்கு முன்னெச்சரிக்கையோ ஒதுங்குவதற்கு உறுதியான கட்டடமோ இருக்கவில்லை. காற்றில் பறந்த தகரமே பலரை வெட்டிக் காயப்படுத்தியது.

நம் நாட்டில் 'மினி சூறாவளி' என்று செய்திகளில் சொல்லப்படுபவை பெரும்பாலும் அவ்வளவு வலிமையற்றவை. எனினும், கொழும்பில் கொங்கிரீட் கூரையின் கீழ் இருக்கும் நம்மில் பலருடைய உறவினர்கள் இன்றும் தோட்டத்து லயன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். எங்கள் அம்மாவின் லயக் கூரையில் தகரம் பறக்காமலிருக்கப் பழைய டயர்களும் கருங்கற்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. பலத்த காற்றில் அந்தக் கற்களே தலையில் விழும் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு தீபாவளிகள் பிடித்தன.

ஆகவே, தகரத்தை ஆணிக்குப் பதிலாகக் கொளுக்கியால் மரத்தோடு இறுக்குமாறும், காற்று சுழலத் தொடங்கினால் ஜன்னலை விட்டு விலகி உட்சுவரோரம் குனிந்திருக்குமாறும் ஊருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

குழு நிர்வாகி, வெள்ளவத்தை