ஓ.சி.டி. பயிற்சி: உரை கேட்டால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். விழித்திரையை ஒளியால் படம்பிடிக்கும் ஓ.சி.டி. (Optical Coherence Tomography) கருவியில் மருத்துவர்களுக்கான செய்முறைப் பயிற்சி குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். 1991-இல் அறிமுகமான இந்தத் தொழில்நுட்பம், விழித்திரையின் அடுக்குகளைச் சில மைக்ரான் நுட்பத்தில் பிரித்துக் காட்டுகிறது. படம் எடுப்பது எளிது, சிக்கலே அதுதான். இயல்பு, எல்லைநிலை, இயல்புக்குப் புறம்பு எனக் கருவி காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். கண் பரிசோதனைப் பிரிவில் பணிபுரியும் நான் அடிக்கடி காண்பது இது: நரம்பிழை அடுக்கு மெலிந்துவிட்டதாகச் சிவப்பில் வந்த அறிக்கை, உலர்ந்த கண்ணில் செயற்கைக் கண்ணீர் விட்டு, இமைக்கச் சொல்லி மீண்டும் எடுத்ததும் பச்சையாகிவிடும். படத்தின் தரத்தைக் காட்டும் சமிக்ஞை வலுவைப் பார்க்காத மருத்துவரிடம் சிக்கியிருந்தால், நரம்பிழை மெலியும் கண்நோயான கிளௌகோமா இல்லாதவருக்கும் சொட்டு மருந்து தொடங்கியிருக்கும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களின் அறிக்கையும் இப்படி ஏமாற்றுவதுண்டு.

ஒருநாள் உரையும் சான்றிதழும் இதைக் கற்றுத் தராது. பயிற்சி பெறுவோர் ஒவ்வொருவரும் தாமே படம் எடுக்க வேண்டும். கருவி அடுக்குகளின் மேல் வரைந்த எல்லைக்கோடு சரியா என்று பார்த்துத் திருத்த வேண்டும். பழுதான படங்களை வேண்டுமென்றே கலந்து கொடுத்து, அவற்றை அடையாளம் கண்டவர்களுக்கு மட்டும் சான்றிதழ் வழங்கலாம்.

– வாசகர் ஒருவர்