மூன்று மாடி ஏறி வந்த நர்ஸ் அக்காவுக்கு

கண்ணகி நகரில் எங்கள் வீட்டுக்கு மூச்சு வாங்க மாடியேறி வந்தீர்களே, நன்றி அக்கா.

ஐந்து நோய்களைத் தடுக்கும் 10-வது வார பென்டாவேலன்ட் ஊசிக்குப் பிறகு பாப்பாவுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல், தொடையில் வீக்கம். பயந்துபோய் 14-வது வார ஊசியை விட்டுவிட்டேன். ஊசி போடும் புதன்கிழமை அங்கே போனால் ஒருநாள் கூலி போகுமே, அதுவும் ஒரு காரணம்தான்.

நீங்கள் திட்டவில்லை. "காய்ச்சல் சகஜம்தாம்மா, ரெண்டு நாள்ல போயிடும். வீக்கத்தைத் தேய்க்காத, ஈரத்துணி வை" என்றீர்கள். தள்ளிப்போன ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே போடலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. தொலைந்த தடுப்பூசி அட்டைக்குப் பதிலாகப் பதிவேட்டைப் பார்த்துப் புதியதும் எழுதித் தந்தீர்கள்.

போன புதன்கிழமை 9 மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் போட்டாயிற்று. அழுதாள். உங்கள் பேனாவைப் பிடுங்கியதும் நிறுத்திவிட்டாள். அந்தப் பேனா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அக்கா.